சென்னையில் ஏற்றி பட்டர்வொர்த்தில் இறக்க: பினாங்கு சிறு வணிகருக்கு முழுமையான வழிகாட்டி

எவர்சில்வர் பாத்திரம், குத்துவிளக்கு, பூசைச் சாமான், மசாலா என்று எதையாவது தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க நினைக்கும் பினாங்குக் கடைக்காரர்கள் முதலில் விசாரிப்பது கப்பல் கூலியைத்தான். கூலி ஏறும், இறங்கும். அதைக் கணக்கில் சேர்த்து விலை வைத்துவிடலாம். கையைக் கடிப்பது கப்பல் வந்த பிறகு கண்டெய்னர் துறைமுகத்தில் சும்மா நிற்கும் நாட்கள்தான். ஒரு அனுமதி எடுக்கவில்லை, ஒரு தாள் வந்து சேரவில்லை, பெயரில் ஓர் எழுத்து பொருந்தவில்லை என்று பெட்டி நிற்கும். வாடகை மட்டும் நிற்காது. அதனால் கீழே சொல்லும் படிகளில் பெரும்பாலானவை கப்பல் கிளம்புவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை.

முதலில், எந்தத் துறைமுகம்?

பினாங்குத் துறைமுகம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தீவில் வெல்ட் கீ பக்கம். அங்கே சுவெட்டன்ஹம் துறையில் இப்போது நிற்பவை பெரும்பாலும் உல்லாசக் கப்பல்கள். கண்டெய்னர் இறங்குவது கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் உள்ள வட பட்டர்வொர்த் கண்டெய்னர் முனையத்தில். மொத்தச் சரக்குக்கு பிறையில் தனி முனையம் இருக்கிறது. 1956 முதல் பினாங்குத் துறைமுக ஆணையம் மேற்பார்வை பார்க்கிறது. அன்றாட வேலையைப் பினாங்கு போர்ட் நிறுவனம் நடத்துகிறது. தாத்தா காலத்தில் வரியே கட்டியதில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் அதுவும் உண்மைதான். 1969 வரை தீவு சுங்கவரி இல்லாத துறைமுகமாக இருந்தது.

சென்னை, தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு வரும் பெட்டிகள் எல்லாம் நேராக வருவதில்லை. பல பெட்டிகள் கிள்ளான் துறைமுகத்திலோ வேறு எங்காவதோ இறங்கி, அடுத்த சிறிய கப்பலுக்காகக் காத்திருந்து, பிறகு மேலே வரும். விலை கேட்கும்போதே 'நேரடியா, மாறி வருமா? மாறும் இடத்தில் எத்தனை நாள்?' என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரடிப் பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். மாறி வந்தால் அது இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகலாம்.

கிள்ளானில் இறக்கி நெடுஞ்சாலை வழியே கொண்டுவரும் வணிகர்களும் உண்டு. அங்கே கப்பல்கள் அதிகம், கூலியும் சில சமயம் குறைவு. ஆனால் 350 கிலோமீட்டருக்கு மேல் லாரிச் செலவு சேரும். தவிர, முதல் முறை இறக்குபவருக்கு எங்காவது ஒரு சிக்கல் வரத்தான் செய்யும். அப்போது பட்டர்வொர்த் என்றால் பாலத்தைத் தாண்டி நேரில் போய் நிற்கலாம். இரண்டு காசு கூடுதலானாலும் முதல் சரக்குக்கு பட்டர்வொர்த்தே மேல் என்பது என் கருத்து. கோலாலம்பூர்க் கடைக்காரருக்கு இதே காரணத்தால் கிள்ளான். நார்த்போர்ட்டா வெஸ்ட்போர்ட்ஸா என்பதைக் கப்பல் நிறுவனமே முடிவு செய்துவிடும்.

படி 1: நிறுவனமும் ஏஜென்டும்

நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிந்த பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரை, பதிவுச் சான்றில் இருக்கும் அதே எழுத்துகளோடு, எல்லா ஆவணங்களிலும் பயன்படுத்த வேண்டும்.

அப்புறம் ஃபார்வர்டிங் ஏஜென்ட். 1967 சுங்கச் சட்டத்தின் 90வது பிரிவின் கீழ் அனுமதி பெற்றவர்தான் உங்கள் சார்பில் கஸ்தமில், அதாவது சுங்கத்துறையில், அறிவிப்புச் செய்ய முடியும். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஒரே வரியில் எழுதித் தருபவரை விட, ஒவ்வொரு செலவையும் தனித்தனி வரியாக எழுதித் தருபவரே நல்லவர். துறைமுகக் கையாளல், டெலிவரி ஆர்டர் (பெட்டியை விடுவிக்கச் சொல்லிக் கப்பல் முகவர் தரும் தாள்) கட்டணம், சுங்க அறிவிப்பு, டிரெய்லர், ஏஜென்ட் கூலி, காலிப் பெட்டிக்கான முன்பணம் என்று வரிகள் பிரிந்திருக்க வேண்டும். எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். தளவாடச் சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி உண்டு. விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

படி 2: பொருளுக்குச் சரியான எண்

இதில் அவசரப்பட வேண்டாம். வரி எவ்வளவு, அனுமதி வேண்டுமா, சலுகை உண்டா என்று மூன்றையும் தீர்மானிப்பது பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். எண்தான். முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்று. அதற்குப் பின்வரும் இலக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே சென்னை வியாபாரி தன் இன்வாய்சில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்து இங்கே போட முடியாது. ஆறு இலக்கம் வரை அதை வைத்துச் சரிபார்க்கலாம், அவ்வளவுதான்.

சமையலறை எவர்சில்வர் பாத்திரம் 7323.93-இல் வரும். ஊதுபத்தி 3307.41. காய்ந்த மிளகாய் 0904, மஞ்சள் 0910. இவை எளிது. பித்தளைச் சாமானில்தான் தலைவலி. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, சின்னப் பிள்ளையார் சிலை, கைமணி, பித்தளைக் குடம் எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டியில் அடைத்து 'பித்தளைப் பூசைப் பொருட்கள்' என்று ஒரே வரியில் இன்வாய்ஸ் போட்டு அனுப்பிவிடுவார்கள். கஸ்தமின் பார்வையில் அது நான்கு தனிப் பொருள். மணி 8306.10. சிலை அதே 8306-இல் வேறு உட்பிரிவு. குடம் 7418 பக்கம் போகும். குத்துவிளக்கு இந்தப் பக்கமே இல்லை; அது மின்சாரம் இல்லாத விளக்குகளோடு 9405.50-இல் இருக்கிறது. ஆசியான் நாடுகளின் கட்டணப் பட்டியலில் அதற்குக் கீழே, சமயச் சடங்குக்குப் பயன்படும் பித்தளை எண்ணெய் விளக்குக்கென்றே தனி வரி ஒன்று போட்டிருக்கிறார்கள்: 9405.50.11. இந்த வரியைத் தெரியாத ஏஜென்ட் பொதுவான அலங்கார விளக்கு என்று போட்டுவிடலாம். நீங்கள் சுட்டிக்காட்டினால்தான் உண்டு.

ஆகவே அனுப்புபவரிடம் இன்வாய்சில் பொருளுக்கு ஒரு வரி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, எடை, விலை என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். எந்த எண் என்று ஏஜென்டுக்கே உறுதியாகத் தெரியவில்லை என்றால், சுங்கத்துறையிடம் முன்கூட்டியே வகைப்பாட்டுத் தீர்ப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப இறக்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் சிரமம் வீண்போகாது.

படி 3: அனுமதி வேண்டிய பொருளா?

சரக்கு கடலில் இருக்கும்போது அனுமதிக்கு விண்ணப்பித்தால் தாமதம் நிச்சயம். ஏற்றுமதியாளருக்கு முன்பணம் அனுப்பும் முன்பே இதை முடியுங்கள்.

உணவுப் பொருள் என்றால் சுகாதார அமைச்சின் ஃபோசிம் முறையில் இறக்குமதியாளராகப் பதிய வேண்டும். அந்த முறை ஒவ்வொரு சரக்குக்கும் 1 முதல் 6 வரை ஒரு சோதனை நிலையைக் கொடுக்கும். முதல் நிலை தானாக விடுபடும். இரண்டாவதில் ஆவணம் மட்டும் பார்ப்பார்கள். மூன்றிலும் நான்கிலும் மாதிரி எடுக்கலாம். 5வது நிலையில் சோதனை முடிவு வரும் வரை சரக்கு நிறுத்திவைக்கப்படும். 6வது நிலை என்றால் நேரே நிராகரிப்புதான். 5வதில் மாட்டினால் பெட்டி நிற்கும் செலவு உங்கள் தலையில். மிளகாய்த்தூள், மசாலாத்தூள் கொண்டுவருபவர்கள் இந்தியாவிலேயே அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதித்து, சான்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

லேபிளையும் இப்போதே பாருங்கள். 1985 உணவு விதிமுறைகளின்படி இறக்குமதி உணவுப் பொட்டலத்தில் மலாயோ ஆங்கிலமோ இருக்க வேண்டும். உள்ளடக்கம், எடை, தயாரான நாடு, இறக்குமதியாளரின் பெயர் முகவரி எல்லாம் வேண்டும். தமிழில் மட்டும் அச்சடித்த அப்பளப் பாக்கெட் பார்க்க அழகாக இருக்கும், கடைக்குத்தான் வராது. முகவரி ஸ்டிக்கரைச் சென்னையிலேயே ஒட்டச் சொன்னால் இங்கே ஆள் வைத்து ஒட்டும் கூலி மிச்சம்.

செடி, விதை, காய்கறி, பால் பொருள், மீன் போன்றவற்றுக்கு மாக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல் பரிசோதனைச் சேவையின் அனுமதி வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்து என்று எழுதியிருந்தால் அது மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரத்திடம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத லேகியத்தைப் பாத்திரத்துக்குள் ஒளித்துக் கொண்டுவர முயல வேண்டாம். மிக்சி போன்ற மின்சாதனத்துக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் தேவை. இந்தியாவின் உருண்டை முனைப் பிளக் இங்கே சுவரில் சேராது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அரிசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியாவுக்குள் அரிசி இறக்கும் ஏகபோக உரிமை பெர்னாஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. பொன்னியோ பாசுமதியோ, பெட்டியில் இடம் மிச்சமிருக்கிறதே என்று பத்து மூட்டை போட்டுவிட்டால் மொத்தப் பெட்டியும் சிக்கிக்கொள்ளும். பட்டாசுக்கும் இதே பேச்சுதான், அதைவிடக் கடுமையாக.

அடுத்தது கற்பூரம். பூசைச் சாமான் பட்டியலில் எல்லோரும் சாதாரணமாகச் சேர்த்துவிடும் பொருள். கப்பல்காரர்களுக்கு அது அபாயச் சரக்கு: எரியும் திடப்பொருள், வகுப்பு 4.1, செயற்கைக் கற்பூரத்துக்கு ஐ.நா. எண் 2717. முறையாக அறிவித்து, அதற்கான பெட்டியில் அடைத்து, கப்பல் நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் ஏற்றலாம். அறிவிக்காமல் ஊதுபத்தியோடு சேர்த்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. கண்டெய்னர் கப்பல்களில் பிடிக்கும் தீக்களில் பல, இப்படிச் சொல்லாமல் ஏற்றிய சரக்கில்தான் தொடங்குகின்றன. சின்ன அளவுதான் வேண்டும் என்றால் கற்பூரத்தை இங்கேயே மொத்த வியாபாரியிடம் வாங்கிவிடுங்கள்.

படி 4: விலை எங்கே வரை?

ஏற்றுமதியாளர் 'எஃப்.ஓ.பி. சென்னை' என்று விலை சொன்னால், கப்பலில் ஏற்றும் வரை செலவு அவருடையது. கப்பல் கூலி உங்களுடையது. 'சி.ஐ.எஃப். பினாங்கு' என்றால் கூலியும் காப்பீடும் சேர்த்து அவர் கட்டுவார். இரண்டாவது வசதியாகத் தெரியும். ஆனால் பெட்டியைப் பங்கு போட்டு அனுப்பும் சில்லறைச் சரக்கில் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. அங்கே கப்பல் கூலி ஒன்றுமே இல்லை என்பது போலக் குறைத்துக் காட்டுவார்கள். அந்தக் குறையை, இங்கே இருக்கும் அவர்களது கூட்டாளி ஏஜென்ட் 'உள்ளூர்க் கட்டணம்' என்ற பெயரில் உங்களிடம் வசூலித்துவிடுவார். சரக்கு அவர் கையில் இருப்பதால் பேரம் பேச வழியில்லை. எஃப்.ஓ.பி.யில் வாங்கி, உங்கள் ஏஜென்ட் மூலம் நீங்களே கப்பலைப் பிடிப்பதுதான் பெரும்பாலும் மலிவு. சி.ஐ.எஃப்.தான் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், பினாங்கில் கட்ட வேண்டிய தொகை முழுவதையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

முழுப் பெட்டியா, பங்கா? பங்குச் சரக்குக்குக் கன மீட்டர் கணக்கு, அல்லது டன் கணக்கு, எது அதிகமோ அது. 60 × 40 × 40 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி ஒன்று 0.096 கன மீட்டர். அதில் எவர்சில்வர் தட்டு 50 பெட்டி என்றால் 4.8 கன மீட்டர். பெட்டிக்கு 18 கிலோ என்றாலும் மொத்தம் 900 கிலோதான். ஆகவே 4.8-க்குக் கட்டணம். அதுவே 30 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டியில் 40 கிலோ பித்தளை என்றால், 50 பெட்டிக்கு 1.35 கன மீட்டர், ஆனால் 2 டன். கட்டணம் 2-க்கு.

இருபது அடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அதை நிரப்பினால்தான் லாபம் என்று நினைக்க வேண்டாம். 12, 15 கன மீட்டரைத் தாண்டினாலே முழுப் பெட்டி எடுப்பது மலிவாகிவிடும். வேறொருவர் சரக்கில் பிரச்சினை வந்து உங்கள் சரக்கும் சேர்ந்து நிற்கும் தொல்லையும் இல்லை.

காப்பீட்டை விடாதீர்கள். இன்வாய்ஸ் விலை, கூலி எல்லாம் சேர்ந்த மதிப்பில் 110 விழுக்காட்டுக்கு, பெரும்பாலான இடர்களுக்கும் பொருந்தும் 'ஏ' பிரிவில் எடுப்பது வழக்கம். சரக்குக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் காப்பீடு கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. 2021-இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் தரைதட்டி நின்றபோது, மீட்புச் செலவை எல்லாச் சரக்குக்காரர்களும் பங்கிட வேண்டும் என்று கப்பல் தரப்பு அறிவித்தது. உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கு கையில் கிடைக்கும். காப்பீடு இருந்தவர்களுக்கு அந்த உத்தரவாதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிடும். இல்லாதவர் தன் காசைக் கட்ட வேண்டியதுதான். தொலைவில் நடப்பது என்று விட்டுவிடவும் முடியாது. 2021-இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கியது; 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது.

படி 5: அங்கே அடைக்கும்போது

பெட்டி அடைக்கும் இடத்தில் நம்பிக்கையான ஒருவர் நிற்க வேண்டும், ஒரு கைப்பேசியோடு. காலிப் பெட்டிக்குள் ஆளை விட்டு இரண்டு கதவையும் சாத்தச் சொல்லுங்கள். உள்ளே கும்மிருட்டாக இருக்க வேண்டும். கூரையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது மழைநீர் இறங்கும் ஓட்டை. பெட்டியை மாற்றித்தான் ஆக வேண்டும். தரையில் எண்ணெய்க் கறை, ரசாயன வாடை இருந்தாலும் வேண்டாம். மசாலாவும் அப்பளமும் அந்த வாடையை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

ஈரம் இன்னொரு எதிரி. பகலில் பெட்டி காய்கிறது, இரவில் குளிர்கிறது. உள்ளிருக்கும் ஈரம் கூரையில் கோத்து அட்டைப்பெட்டி மேல் சொட்டுகிறது. ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடச் சொல்லுங்கள். மேல் அடுக்கை அட்டையால் மூடச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மரப்பலகையைப் பெட்டிக்குள் விடவே கூடாது.

மரம் என்றாலே ஒரு முத்திரை வேண்டும். பலகைத் தட்டு, மரக்கூடு எதுவானாலும் கோதுமைக் கதிர் போன்ற சின்னத்தோடு, வெப்பமூட்டியதா, பூச்சி கொல்லப் புகைபோட்டதா என்று காட்டும் குறியீடு சுடப்பட்டிருக்கும். அந்த முத்திரை இல்லாத மரத்தைத் துறைமுகச் சோதனை அதிகாரிகள் கண்டால் சரக்கு நிற்கும். கனமானதைக் கீழே, எடையை இரு பக்கமும் சமமாக, கதவருகே சாயாதபடி கயிறு கட்டி ஏற்ற வேண்டும். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைத் தராத பெட்டியைக் கப்பலில் ஏற்றுவதில்லை. அது அனுப்புபவரின் பொறுப்பு.

கதவைச் சாத்தி சீல் போட்டதும் சீல் எண், பெட்டி எண் இரண்டும் தெரிய ஒரு படம். பெட்டி எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. அதனால் நடுவில் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் கணினி பெரும்பாலும் பிடித்துவிடும். சீல் எண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

படி 6: காகிதங்கள்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், மூலச் சான்றிதழ் (எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற சான்று), காப்பீடு, தேவைப்பட்டால் புகைபோட்ட சான்றும் ஆய்வகச் சான்றும். இவற்றில் பில் ஆஃப் லேடிங்தான் சரக்கின் உரிமைப் பத்திரம். கப்பல் நிறுவனம் முதலில் வரைவு அனுப்பும். அந்த மின்னஞ்சலைப் பார்த்து 'ஓகே' என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஒரு கையில் நிறுவனப் பதிவுச் சான்று, மறுகையில் வரைவு, எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'எண்டர்பிரைஸ்' என்று பதிந்த பெயர் அங்கே 'எண்டர்பிரைசஸ்' ஆகியிருக்கும். பெட்டி எண்ணிக்கை 412, இன்வாய்சில் 421 என்று இருக்கும். வரைவில் திருத்துவது சுலபம். சரக்குப் பட்டியல் கஸ்தமுக்குப் போன பிறகு அதே திருத்தத்துக்கு விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு என்று மூன்றும் உண்டு.

அசல் பத்திரம் வழக்கமாக மூன்று பிரதி. நம் கடல்வழி குறுகியது. வங்கியிலும் கூரியரிலும் சுற்றி அசல் வந்து சேரும் முன் கப்பல் வந்துவிடும். ஆகவே வங்கிக் கடனுறுதிப் பத்திரம் (எல்.சி.) இல்லாமல் நேரடியாகப் பணம் அனுப்பும் வியாபாரம் என்றால் டெலக்ஸ் ரிலீஸ் கேளுங்கள். அனுப்புபவர் அசலை அங்கேயே ஒப்படைத்துவிடுவார், இங்கிருக்கும் கப்பல் முகவருக்குத் தகவல் வந்துவிடும். பாக்கிப் பணம் வந்த பிறகுதான் அவர் ரிலீஸ் கொடுப்பார் என்பதால், எந்தத் தேதியில் பணம், எந்தத் தேதியில் ரிலீஸ் என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மூலச் சான்றிதழை மறந்துவிட்டு வரியைக் கட்டுபவர்கள் நிறைய. ஆசியான்–இந்தியா சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதலும், மலேசியா–இந்தியா ஒப்பந்தம் 2011 ஜூலை 1 முதலும் நடப்பில் இருக்கின்றன. இரண்டிலும் உங்கள் பொருளின் எண்ணுக்கு என்ன வரி என்று பார்த்து, எது குறைவோ அதற்கான படிவத்தில் சான்று வாங்கித் தரச் சொல்லுங்கள். பொருள் இந்தியாவிலேயே போதுமான அளவு தயாராகியிருக்க வேண்டும். சீனாவிலிருந்து வந்து சென்னையில் பெட்டி மாறிய பிளாஸ்டிக் சாமானுக்குக் கிடைக்காது. சான்றில் இருக்கும் எச்.எஸ். எண்ணும் இங்கே அறிவிக்கும் எண்ணும் ஆறு இலக்கத்திலாவது ஒத்துப்போகாவிட்டால் சலுகை கைநழுவும்.

படி 7: கப்பல் வந்ததும்

வருவதற்குச் சில நாள் முன்பு கப்பல் முகவரிடமிருந்து வருகை அறிவிப்பு வரும். அன்றே அவர்களின் கட்டணத்தையும் முன்பணத்தையும் கட்டி, டெலிவரி ஆர்டரைப் பெற ஏற்பாடு செய்யுங்கள். ஏஜென்ட் கே-1 எனும் இறக்குமதி அறிவிப்புப் படிவத்தை டகாங் நெட் வழியாக மின்னணு முறையில் அனுப்புவார். அனுப்பும் முன் வரைவை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து ஏஜென்டுடையதாக இருந்தாலும் பொருளும் பொறுப்பும் உங்களுடையவை.

வரிக் கணக்கு இப்படி. பொருள் விலை, கப்பல் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்தது சுங்க மதிப்பு. சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தில் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மாற்றுவார்கள். அது 40,000 வெள்ளி என்றும், இறக்குமதி வரி 5 விழுக்காடு, விற்பனை வரி 10 விழுக்காடு என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இறக்குமதி வரி 2,000. விற்பனை வரி அந்த 2,000-ஐயும் சேர்த்து 42,000-க்குக் கணக்கிடப்படும்: 4,200. மொத்தம் 6,200. மூலச் சான்றால் இறக்குமதி வரி பூச்சியமானால் விற்பனை வரி 4,000 மட்டும். ஒரு தாளில் 2,200 வெள்ளி மிச்சம்.

பாதி விலைக்கு இன்வாய்ஸ் போட்டுத் தருகிறேன் என்று அனுப்புபவர் தாமாகவே சொல்வார். வேண்டாம். தவறான அறிவிப்பு சுங்கச் சட்டத்தின் 133வது பிரிவில் குற்றம். ஒரே பொருளை எத்தனை பேர் என்ன விலைக்கு இறக்குகிறார்கள் என்பது அவர்கள் கணினியில் இருக்கிறது. நீங்கள் வங்கி வழியே அனுப்பிய பணமும் பதிவில் இருக்கிறது. காப்பீட்டு இழப்பீடும் பாதி விலைக்குத்தான் கிடைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஸ்கேனுக்கோ நேரடிச் சோதனைக்கோ பெட்டியை எடுக்கலாம். அது தண்டனை இல்லை. பேக்கிங் லிஸ்டில் 'பெட்டி 1 முதல் 40 வரை தட்டு, 41 முதல் 60 வரை குத்துவிளக்கு' என்று எண் போட்டு, அட்டைப்பெட்டி மேலும் அதே எண் எழுதியிருந்தால் அதிகாரி நான்கு பெட்டியைப் பிரித்துப் பார்த்து முடித்துவிடுவார். இல்லாவிட்டால் பாதிப் பெட்டியை வெளியே இறக்க வேண்டிவரும், இறக்கி ஏற்றும் கூலியும் உங்களுடையது.

இங்கே மூன்று கடிகாரங்கள் ஓடுவதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். துறைமுக இடத்துக்கு வாடகை, துறைமுகத்துக்கு. பெட்டி துறைமுகத்துக்குள்ளேயே தங்கினால் டெமரேஜ், கப்பல் நிறுவனத்துக்கு. வெளியே எடுத்துப்போய்க் காலியைத் திருப்பத் தாமதித்தால் டிடென்ஷன், அதுவும் கப்பல் நிறுவனத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் இலவச நாட்கள் தனி. பெரும்பாலும் ஞாயிறும் பொது விடுமுறையும் அந்த நாட்களில் சேர்த்தே எண்ணப்படும். தைப்பூச வாரத்திலோ சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்திலோ வந்து சேரும் சரக்குக்கு இலவச நாட்கள் விடுமுறையிலேயே கரைந்துவிடும். இலவச நாட்களைக் கூட்டித் தரும்படி கப்பலில் இடம் பிடிக்கும்போதே கேட்டால் சில சமயம் கிடைக்கும். வந்து இறங்கிய பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

படி 8: வாயிலைத் தாண்டி

லெபோ பாசார், லெபோ குவின் போன்ற தெருக்களில் டிரெய்லர் நுழைந்து திரும்புவது நடக்காத காரியம். முழுப் பெட்டி எடுப்பவர்கள் பிறை, ஜூரு, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு கிடங்கில் பிரித்து, சின்ன லாரியில் பாலம் வழியே தீவுக்குக் கொண்டுபோவதுதான் வழி. சொந்தக் கிடங்கு இல்லையென்றால் நாள் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். ஆளும் சேர்த்துப் பேசுங்கள். டிரெய்லரைக் கப்பல் வருவதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். பண்டிகைக் காலத்தில் கஸ்தம் விடுவித்த பெட்டி கூட இழுக்க வண்டியில்லாமல் நிற்கும்.

முனைய வாயிலில் பெட்டியின் நிலையைக் குறித்து ஒரு சீட்டு தருவார்கள். பெட்டி நசுங்கியிருந்தால் அதில் குறிக்கச் சொல்லும்படி ஓட்டுநரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பிறகு அந்த நசுங்கலை நீங்கள் செய்ததாகக் கட்டணம் வராது.

கிடங்கில் சீலை வெட்டும் முன் எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் படம் எடுங்கள். கஸ்தம் சோதனைக்குத் திறந்திருந்தால் சீல் மாறியிருக்கும், ஏஜென்டிடம் புதிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வலது கதவை மட்டும் முதலில், கொஞ்சமாக, கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று திறக்க வேண்டும். கடல் ஆட்டத்தில் சாய்ந்த பெட்டிகள் மேலே விழும். புகைபோட்ட எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தால் இரண்டு கதவையும் விரியத் திறந்து, நன்றாகக் காற்றோட்டம் விட்ட பிறகே உள்ளே போகலாம். வாடை இல்லை என்பதால் நச்சு இல்லை என்று அர்த்தமில்லை. இந்த விஷயத்தில் வேலையாட்களை அவசரப்படுத்துவது பெரிய பாவம்.

நனைந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா? இறக்குவதை நிறுத்தி, பெட்டிக்குள் இருக்கும்போதே படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். வெளியே தெரியாத சேதத்தைக் கப்பல் நிறுவனத்துக்கு 3 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது கடல் சரக்கு விதிகளின் வழக்கம். வழக்குப் போட ஓராண்டு அவகாசம்.

காலியான பெட்டியைக் கூட்டிச் சுத்தமாக்கித் திருப்புங்கள். மஞ்சள்தூள் கொட்டிய தரை பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் கழுவும் கட்டணம் முன்பணத்தில் பிடிக்கப்படும். திருப்பிய சீட்டை வைத்து முன்பணத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். தாமாக வந்து தரமாட்டார்கள். பல கடைக்காரர்கள் இதை மறந்தே விடுகிறார்கள். கே-1, வரிச் சீட்டு, இன்வாய்ஸ், பணம் அனுப்பிய வங்கித் தாள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் 7 ஆண்டுகள் வையுங்கள்.

தீபாவளிச் சரக்கு என்றால்

பின்னாலிருந்து எண்ணுங்கள். கடையில் அடுக்குவது பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பு. கிடங்கு, கஸ்தம், டிரெய்லருக்கு இரண்டு வாரம். மாறி வரும் கப்பலுக்கு மூன்று வாரம். அடைப்பதற்கும் கப்பலில் இடம் கிடைப்பதற்கும் இரண்டு வாரம். பட்டறையில் செய்து தர வேண்டிய பித்தளைச் சாமானுக்கு அவர்கள் சொல்லும் நாளோடு இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் தொடக்கத்துத் தீபாவளிக்கு ஜூலை கடைசியில் சாமான் பட்டறையை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். ஆர்டரும் முன்பணமும் மே மாதத்துக்குள் போயிருக்க வேண்டும்.